கிளார்க் வேலையும் கோர்ட்டு வாசலும்

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பாக்கல மக்களே. ஆய்வுக்கூடத்துல ஆணி அதிகம். நான் எழுதாததால யாரும் சோறு தண்ணி இல்லாம கெடக்கலைன்னு எனக்கும் தெரியும் :-) இருந்தாலும் போன சனிக்கிழமை வீட்டுல நடந்த ஒரு சண்டையைப் பத்தி எழுதியே ஆகணும். அடுப்புல ரசம் பொங்கி வழிஞ்சதைக் கூட கவனிக்காம ஒரு மணி நேரம் பேசிட்டு இருந்திருக்கோம்னா பாத்துக்குங்க.

எங்க வீட்டுல நாலு பேர். அதுல ஒருத்தன் ஜெய்ப்பூர்க்காரன். தங்கமான பையன், நான் வைக்கிற வத்தக்குழம்பையும் ரொட்டியில தொட்டு சாப்பிடுற அளவுக்குத் தங்கம். அவன் ஊர்ல இருந்து யாரோ போன் பண்ணி, ராஜஸ்தான் ஐகோர்ட் கிளார்க் தேர்வு பத்தின சுப்ரீம் கோர்ட் தீர்ப்பைச் சொல்லியிருக்காங்க. போனை வச்சுட்டு வந்தவன் மூஞ்சி சரியில்ல. "இருக்குற கோட்டா பத்தாதுன்னு இப்ப ஜெனரல் கோட்டாவையும் எடுத்துக்கிட்டாங்க"ன்னான்.

"ஜெனரல் கோட்டாவா? அப்படி ஒண்ணு எங்கடா இருக்கு?"ன்னு நான் கேட்டேன். சண்டை அங்க ஆரம்பிச்சது.

வழக்கு இதுதான். 2022 ஆகஸ்டுல ராஜஸ்தான் ஐகோர்ட் ஒரு அறிவிப்பு விடுது. ஐகோர்ட்டுலயும் மாவட்ட நீதிமன்றங்கள்லயும் இளநிலை உதவியாளர், இரண்டாம் நிலை கிளார்க் பணியிடங்கள், மொத்தம் 2,756. முதல்ல 300 மார்க்குக்கு எழுத்துத் தேர்வு. அதுல தேறினவங்களுக்குக் கம்ப்யூட்டர்ல தட்டச்சுத் தேர்வு, 100 மார்க். காலியிடத்தைப் போல அஞ்சு மடங்கு ஆளுங்களை, பிரிவு வாரியா, ரெண்டாவது கட்டத்துக்குக் கூப்பிடணும். 2023 மே மாசம் முதல் கட்ட முடிவு வருது. பொதுப் பிரிவு கட்-ஆஃப் 196 சொச்சம். ஓ.பி.சி. கட்-ஆஃப் 230 சொச்சம். எஸ்.சி. கட்-ஆஃப் கூட 200க்கு மேல.

இன்னொரு தடவை படிங்க. தலைகீழா டைப் அடிச்சுட்டேன்னு நினைச்சுடாதீங்க. இட ஒதுக்கீட்டுப் பிரிவோட கட்-ஆஃப் பொதுப் பிரிவை விட அதிகம்.

இது எப்படி நடந்துச்சுன்னா, தேர்வு நடத்தினவங்க 'பொது'ங்கறதை ஒரு தனிச் சாதி மாதிரி எடுத்துக்கிட்டாங்க. எந்த ஒதுக்கீடும் கேட்காதவங்க மட்டும் பொதுப் பட்டியல்ல. ஓ.பி.சி.ன்னு விண்ணப்பத்துல குறிச்சவன் எத்தனை மார்க் வாங்கினாலும் ஓ.பி.சி. பட்டியல்லதான். அங்க கூட்டம் அதிகம், போட்டி அதிகம், அதனால கட்-ஆஃப் ஏறிடுச்சு. விளைவு? 220 மார்க் வாங்கின ஓ.பி.சி. பையன் வீட்டுக்குப் போறான். 197 வாங்கின பொதுப் பிரிவுப் பையன் தட்டச்சுத் தேர்வுக்குப் போறான். அந்த 220காரன் தன்னோட சான்றிதழைக் கிழிச்சுப் போட்டுட்டு விண்ணப்பிச்சிருந்தா உள்ள போயிருப்பான். அவனுக்கு உதவறதுக்காகக் கொடுத்த சான்றிதழே அவனை வெளிய தள்ளுது.

நம்ம ஊர்ல எட்டாவது படிக்கிற பையன் கிட்ட கேட்டாலும் ஓ.சி.ன்னா ஓபன் காம்படிஷன்னு சொல்லுவான். (வாய்ப்பேச்சுல ஓ.சி.ங்கறதை சாதிப் பேரா பயன்படுத்துறது வேற விஷயம். அதுக்குத் தனியா ஒரு பதிவு போடணும்.) தமிழ்நாட்டுல 69 சதவீதம் ஒதுக்கீடு போக மிச்சம் இருக்குற 31 சதவீதம் யாருக்கும் எழுதி வச்ச சொத்து இல்ல. மொத்தப் பேரையும் மார்க் வரிசையில நிறுத்தி, மேல இருந்து அந்த 31ஐ நிரப்பிட்டு, அதுக்கப்புறம்தான் பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி.ன்னு இறங்குவாங்க. அப்படிச் செஞ்சா பொதுப் பட்டியல் கட்-ஆஃப் மத்ததை விடக் கீழ போகவே முடியாது. இது கொள்கை கூட இல்ல, வெறும் கணக்கு.

2025 டிசம்பர் 19ல சுப்ரீம் கோர்ட், நீதிபதிகள் தீபாங்கர் தத்தாவும் அகஸ்டின் ஜார்ஜ் மசீயும், இதைத்தான் சொன்னாங்க. பொதுப் பிரிவுங்கறது ஒரு ஒதுக்கீடு இல்ல, எல்லாருக்கும் திறந்து கிடக்குற இடம். கடைசிப் பட்டியல்ல மட்டும் இல்ல, அடுத்த கட்டத்துக்கு ஆள் பொறுக்குற இடத்துலயே அப்படித்தான் பாக்கணும். தட்டச்சுத் தேர்வெல்லாம் முடிஞ்சு கடைசியில பொதுவுல இடம் கிடைக்கலைன்னா அவன் தன் பிரிவுல இடம் இருக்கான்னு பாத்துக்கலாம்.

ஜெய்ப்பூர்க்காரன் சொன்ன எதிர்வாதம் ஐகோர்ட் நிர்வாகமும் வச்ச வாதம்தான். அது சுத்தமா அர்த்தமில்லாததுன்னு நான் சொல்ல மாட்டேன். ஒருத்தன் ரெண்டு கதவு வழியாவும் நுழையலாம்னா, மத்தவனுக்கு ஒரு கதவுதானே? இது இரட்டைச் சலுகை ஆகாதா? நான் சொன்னேன்: 197க்குத் திறக்குற கதவு 220க்குத் திறக்கறது சலுகை இல்லடா, அதுக்குப் பேரு மார்க். வயசு வரம்புல தளர்வு வாங்கிட்டு வந்து, அப்படி வந்தவங்க பொதுப் பட்டியலுக்குப் போகக் கூடாதுன்னு அந்தத் தேர்வோட விதியிலயே எழுதியிருந்தா அது வேற கதை. அந்த மாதிரி ஒரு வழக்குல 2025 செப்டம்பர்ல சுப்ரீம் கோர்ட் விதியைத்தான் பிடிச்சுக்கிச்சு. இங்க பேச்சு அது இல்ல. பையன் மார்க் வாங்கினான், அவ்ளோதான்.

இந்த வழக்குல எனக்குப் பிடிச்ச கூத்து, வேலை கொடுக்குறவரும் கோர்ட்டுதான், தீர்ப்பு சொன்னவரும் கோர்ட்டுதான். ஐகோர்ட் நிர்வாகம் தப்பு பண்ணிடுச்சுன்னு அதே ஐகோர்ட்டோட இரு நீதிபதி அமர்வு 2023லயே சொல்லிடுச்சு. அதை எதிர்த்து ஐகோர்ட் நிர்வாகம் டெல்லிக்குப் போச்சு. அங்க ரெண்டு வருஷம். இன்னொரு வாதமும் வச்சாங்க: தேர்வு எழுதும்போது வாயை மூடிக்கிட்டு எழுதிட்டு, தோத்ததும் குறை சொல்லலாமா? பழைய தீர்ப்புகள் பலதுல இந்த வாதம் ஜெயிச்சிருக்கு. இங்க ஜெயிக்கல. நியாயம்தான். கட்-ஆஃப் இப்படித் தலைகீழா நிக்கும்னு விண்ணப்பம் போடுறப்பவே அவனுக்கு எப்படித் தெரியும்? ஜோசியமா பாப்பான்?

அதே ராஜஸ்தான் ஐகோர்ட் மேல இன்னொரு பழைய வழக்கும் உண்டு. மொழிபெயர்ப்பாளர் வேலை, 13 இடம். தேர்வெல்லாம் நடத்தி முடிச்சப்புறம், 75 சதவீதம் வாங்கினவங்களை மட்டும்தான் எடுப்போம்னு தலைமை நீதிபதி உத்தரவு. தேறினது மூணே பேர். விளையாட ஆரம்பிச்சப்புறம் ஆட்டத்தோட விதியை மாத்தலாமாங்கற கேள்வி 2013ல பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டு, அஞ்சு நீதிபதிகள் உக்காந்து பதில் சொன்னது 2024 நவம்பர் 7ல. பதில்: விதியிலயே இடம் இருந்தாலொழிய நடுவுல மாத்தக் கூடாது. அந்தப் பதிமூணு இடத்துக்கு எழுதினவங்க இப்ப என்ன வேலை பாக்குறாங்களோ, பேரன் பேத்தி எடுத்துட்டாங்களோ.

சரி, ரசம் வழிஞ்ச அடுப்பைத் தொடைச்சுட்டு சாப்பிட உக்காந்தப்ப சண்டை வேற பக்கம் திரும்பிச்சு. "பட்டியல் தப்புன்னா மொத்தத்தையும் ரத்து பண்ணிட்டு மறுபடி நடத்தச் சொல்ல வேண்டியதுதானே"ன்னான் அவன். அதைக் கேட்டதும் எனக்குச் சுருக்குன்னுச்சு. ஏன்னா அந்த 'மொத்தமா ரத்து'ங்கற வார்த்தையை வச்சு எங்க வீட்டுல ஒரு வாரம் யாரும் சரியா சாப்பிடல.

எங்க பெரியம்மா பொண்ணு, எனக்கு அக்கா. கல்யாணமாகி ரெண்டு குழந்தை. தமிழ், இங்கிலீஷ் ரெண்டுலயும் டைப்ரைட்டிங் ஹையர் முடிச்சவங்க. ராத்திரி பிள்ளைங்களைத் தூங்க வச்சுட்டு பத்து மணிக்கு மேல ஸ்கூல் சமச்சீர் புத்தகத்தை விரிச்சு வச்சுப் படிப்பாங்க. ஆறாவதுல இருந்து பத்தாவது வரைக்கும் தமிழ்ப் புத்தகம் அவங்களுக்கு மனப்பாடம். 2019 செப்டம்பர் 1ல நடந்த குரூப் 4 எழுதினாங்க. 9,398 இடத்துக்கு 16 லட்சம் பேருக்கு மேல எழுதின தேர்வு. நவம்பர்ல முடிவு வந்தப்ப அக்கா ரேங்க் கவுன்சலிங் வரைக்கும் போற ரேங்க். தெருவுக்கே லட்டு கொடுத்தார் பெரியப்பா.

ஜனவரி மாசம் குண்டு வெடிச்சுச்சு. ராமேஸ்வரம், கீழக்கரைன்னு ரெண்டு மையத்துல எழுதினவங்க தரவரிசையில மேல மேல வந்திருக்காங்க. அதுவும் உள்ளூர்க்காரங்க இல்ல, வேற மாவட்டங்கள்ல இருந்து அங்க போய் எழுதினவங்க. விசாரிச்சா, கொஞ்ச நேரத்துல மறைஞ்சு போற மையில விடையைக் குறிச்சுட்டு வந்திருக்காங்க. விடைத்தாள் சென்னைக்குப் போற வழியில எடுத்து, சரியான விடையைக் குறிச்சு, திரும்பக் கட்டுல வச்சிருக்காங்க. கதையில எழுதினா 'லாஜிக் இல்ல'ன்னு நீங்களே பின்னூட்டத்துல கும்மியிருப்பீங்க. 2020 ஜனவரி 24ல தேர்வாணையம் அறிவிச்சது: 99 பேருக்கு வாழ்நாள் தடை. அதுல தரவரிசைக்குள்ள வந்திருந்த 39 பேருக்குப் பதிலா வேற 39 பேர். வழக்கு சி.பி.சி.ஐ.டி. கையில.

அந்த அறிவிப்பு வர்றதுக்கு முன்னாடி வாரம் பூரா டி.வி.யில ஒரே பேச்சு: தேர்வு ரத்தாகுமா? அக்கா வாயே திறக்கல. சமையல் பண்ணினாங்க, துணி துவைச்சாங்க, பிள்ளைகளை ஸ்கூலுக்கு அனுப்பினாங்க. பெரியம்மாதான் சாமி படத்துக்கு முன்னாடியே கிடந்தாங்க. ஒரு நாள் ராத்திரி அக்கா என்கிட்ட மட்டும் சொன்னாங்க: "தம்பி, திரும்பப் படிக்கச் சொன்னா படிச்சுருவேன்டா. ஆனா அந்த மார்க்கு திரும்ப வருமான்னு சொல்ல முடியாதுல்ல."

இதே சமயம் எங்க தெருவுல இருக்குற என் கூட்டாளி ஒருத்தன், அவனும் எழுதினவன், கொஞ்ச மார்க்குல போயிடுச்சு, டீக்கடையில வச்சு சொல்றான்: "மாப்ள, ரெண்டு சென்டர்ல மட்டும்தான் நடந்துச்சுன்னு எப்படி நம்புறது? மொத்தமா ரத்து பண்ணிட்டு திரும்ப வைக்கட்டும்டா. அப்பதான் நியாயம்." அவன் பொறாமையில சொல்லல. அவனுக்கும் ராத்திரி பத்து மணிக்கு மேல படிச்ச கதை இருக்கு. அக்கா பக்கம் நின்னா ரத்து அநியாயம். அவன் பக்கம் நின்னா ரத்து பண்ணாம விடறது அநியாயம். நான் ரெண்டு பேர் கிட்டயும் தலையாட்டிட்டு வந்தேன். இப்ப நினைச்சா அது கோழைத்தனம்தான்.

கோர்ட்டுகளும் இந்த ரெண்டு பேருக்கும் நடுவுலதான் அம்பது வருஷத்துக்கும் மேல ஆடிக்கிட்டு இருக்கு. 1970ல பீகார் பள்ளித் தேர்வு வழக்கு. ஒரு மையத்துல ஒட்டுமொத்தமா காப்பி. ஒவ்வொரு பையனையும் தனித்தனியா கூப்பிட்டு விசாரிக்கணும்னு அவசியம் இல்ல, மையத்தோட தேர்வையே ரத்து பண்ணது சரின்னு சுப்ரீம் கோர்ட் சொன்னது. 2003ல சி.பி.ஐ. கான்ஸ்டபிள் தேர்வு வழக்குல நேர் எதிர்: தப்பா தேர்வானவங்க 31 பேர்னு அடையாளம் தெரிஞ்சப்ப மத்தவங்களை ஏன் தண்டிக்கணும்? 2006ல பஞ்சாப் வழக்குலயும் (தேர்வாணையத் தலைவரே காசு வாங்கினார்னு 2002ல பிடிபட்ட கதை) முதல்ல நல்லவங்களையும் கெட்டவங்களையும் பிரிக்கப் பாருங்கன்னாங்க. ஆக, சட்டம் என்னன்னா: பிரிக்க முடிஞ்சா பிரி. முடியலைன்னா கொட்டு. பாட்டி அரிசி புடைக்கிற மாதிரிதான். கல்லு பொறுக்க முடியும்னா பொறுக்குவா. எலி விழுந்துச்சுன்னா மொத்தமும் குப்பைக்கு.

டெல்லியில தலைமை எழுத்தர் வேலை, 231 இடம். விளம்பரம் 2009ல. தேர்வு 2014ல! விண்ணப்பிச்சவங்க 62 ஆயிரம் பேர். வந்து எழுதினவங்க 8 ஆயிரத்துச் சொச்சம். மிச்சப் பேர் அஞ்சு வருஷத்துல எங்கயோ போயிட்டாங்க. ஆள்மாறாட்டம், சொந்தக்காரங்க பக்கத்துப் பக்கத்துல உக்காந்து எழுதினதுன்னு புகார்கள். 2016ல டெல்லி அரசு ரத்து பண்ணிடுச்சு. தீர்ப்பாயம், ஐகோர்ட்டுன்னு ஏறி, 2021 மார்ச் 3ல சுப்ரீம் கோர்ட், ரத்து செல்லும்னு முடிச்சது. நம்பிக்கை வைக்க முடியாத அளவுக்கு ஒட்டுமொத்தமா கெட்டுப் போன தேர்வுன்னா, அதுல சில நல்லவங்களும் அடிபடறதைத் தவிர்க்க முடியாதுங்கறது சாராம்சம். தர்க்கம் புரியுது. 2009ல இருபத்தஞ்சு வயசுல விண்ணப்பம் போட்டு, ஒழுங்கா எழுதி, தேறி, வழக்கு நடத்தி, 37 வயசுல 'இல்லப்பா'ன்னு கேட்டவனுக்கு அந்தத் தர்க்கத்தை யார் போய் விளக்குறது?

எனக்கு ரொம்ப உறுத்தினது மேற்கு வங்கம். 2016ம் வருஷத்து பள்ளிப் பணியாளர் தேர்வு. ஆசிரியர்கள் மட்டும் இல்ல, குரூப் சி, அதாவது பள்ளிக்கூட கிளார்க்குகள், குரூப் டி ஊழியர்களும் சேர்த்து 25,753 பேர். 2022ல முன்னாள் கல்வி அமைச்சர் பார்த்தா சட்டர்ஜி கைது. அவருக்கு நெருக்கமானவர் வீடுகள்ல கட்டுக்கட்டா கோடிக்கணக்குல பணம் எடுத்ததை நாமெல்லாம் டி.வி.யில பாத்தோம். 2024 ஏப்ரல்ல கல்கத்தா ஐகோர்ட் எல்லா நியமனத்தையும் ரத்து பண்ணுச்சு. 2025 ஏப்ரல் 3ல சுப்ரீம் கோர்ட் அதை உறுதி செஞ்சது. ஏன் பிரிக்க முடியல? தேர்வு நடத்தினவங்களே அசல் ஓ.எம்.ஆர். தாளை அழிச்சுட்டாங்க. முறையான நகலும் அவங்க கிட்ட இல்ல.

இதுல என் கோபம் எங்கன்னா: கல்லு எது அரிசி எதுன்னு பாக்க வேண்டிய முறத்தையே எரிச்சது தேர்வு வச்சவங்க. பிரிக்க முடியலைங்கறதுக்கு விலை கொடுக்கறது யாரு? ஏழெட்டு வருஷம் வேலை பாத்த, எந்தக் குற்றச்சாட்டும் இல்லாத ஆளு. கோர்ட்டு அவங்க வாங்கின சம்பளத்தைத் திருப்பித் தர வேண்டாம்னு சொல்லுச்சு, சரி. மாற்றுத் திறனாளிகளுக்குக் கொஞ்சம் இடைக்கால ஆறுதல் கொடுத்துச்சு, அதுவும் சரி. ரெண்டு வாரம் கழிச்சு, பள்ளிக்கூடம் நடக்கணுமேன்னு, குற்றச்சாட்டு இல்லாத ஆசிரியர்கள் மட்டும் கொஞ்ச காலம் தொடரலாம்னு அனுமதிச்சுது. கிளார்க்குக்கும் கடைநிலை ஊழியருக்கும் அந்த அனுமதியும் இல்ல. அந்தப் பிரிவுகள்ல முறைகேடு பண்ணினவங்க எண்ணிக்கை ரொம்ப அதிகம்னு காரணம் சொன்னாங்க. அப்புறம் மாநில அரசு குரூப் சி ஆளுங்களுக்கு மாசம் 25 ஆயிரம், குரூப் டிக்கு 20 ஆயிரம்னு உதவித்தொகை அறிவிக்க, 2025 ஜூன்ல கல்கத்தா ஐகோர்ட் அதுக்கும் தடை. வாத்தியார் இல்லைன்னா வகுப்பு நடக்காதுன்னு எல்லாருக்கும் தெரியுது. கிளார்க்கு இல்லைன்னா பையனுக்கு டி.சி. யார் எழுதித் தர்றதுன்னு யாருக்கும் தோணல.

"அப்ப காசு கொடுத்து வந்தவனையும் விட்டுடலாமா?"ன்னு ஜெய்ப்பூர்க்காரன் கேட்டான். விடச் சொல்லல. என் கருத்து இவ்ளோதான்: தாளை அழிச்சது தேர்வு நடத்தினவங்க தப்புன்னா, 'பிரிக்க முடியல'ங்கற வாதத்தோட பலன் அவங்களுக்குப் போகக் கூடாது. ரத்து பண்ணினாலும் அதே வேலையில புதுத் தேர்வு முடியற வரைக்கும் குற்றச்சாட்டில்லாத ஆளை, வாத்தியாரோ கிளார்க்கோ, உக்கார வைக்கணும். வயசு வரம்பு தளர்த்தினா மட்டும் போதாது. முப்பத்தெட்டு வயசுல மறுபடி முதல்ல இருந்து படிச்சு, இருபத்திரண்டு வயசுப் பசங்களோட போட்டி போடுன்னு சொல்றது தளர்வா? தண்டனைக்கு வேற பேரு.

இன்னொண்ணு, எல்லா வம்பும் தேர்வுத் தாள் யார் கண்ணுலயும் படாம ஒரு அறைக்குள்ள கிடக்கறதுல இருந்துதான் கிளம்புது. 2011லயே சுப்ரீம் கோர்ட், திருத்தின விடைத்தாளை ஆர்.டி.ஐ.யில கேட்டு வாங்கலாம்னு சொல்லியிருக்கு. 2018ல யு.பி.எஸ்.சி. வழக்குல அதைச் சுருக்கிட்டாங்க. ஓ.எம்.ஆர். தாளுக்கு என்னய்யா ரகசியம் வேண்டியிருக்கு? முடிவு வர்ற அன்னிக்கே ஒவ்வொருத்தர் தாளையும் ஸ்கேன் பண்ணி அவரவர் கணக்குல போட்டுடணும், அதோட நகல் தேர்வு நடத்துறவங்க கை படாத இன்னொரு இடத்துல இருக்கணும். அப்ப கூட்டாளி டீக்கடையில உக்காந்து 'எப்படி நம்புறது'ன்னு கேட்க வேண்டியதில்ல, அக்கா சாமி படத்தைப் பாக்க வேண்டியதில்ல. 2020க்கு அப்புறம் நம்ம ஊர்ல 'விடை தெரியவில்லை'ன்னா குறிக்கறதுக்குன்னு அஞ்சாவதா 'ஈ' வட்டம் கொண்டாந்தாங்க, எந்த வட்டம் எத்தனைன்னு எண்ணி எழுதச் சொன்னாங்க, கைரேகை வைக்கச் சொன்னாங்க. வெத்து வட்டத்தை வழியில யாரும் நிரப்ப முடியாது. சின்ன விஷயம், ஆனா உருப்படியான விஷயம். எழுதுறவங்களுக்கு நேரம்தான் போகுது, அக்காவும் அதைத்தான் திட்டுவாங்க, அடுத்த குரூப் 2க்குப் படிச்சப்ப.

மத்திய அரசு 2024ல வினாத்தாள் கசிவுக்குன்னு ஒரு தனிச் சட்டமும் போட்டுது. கூட்டுச் சேர்ந்து செஞ்சா பத்து வருஷம் வரைக்கும் ஜெயில், ஒரு கோடிக்குக் குறையாத அபராதம். போடட்டும். ஆனா 2009ல விளம்பரம் போட்டுட்டு 2014ல தேர்வு வைக்கிறவருக்கு எந்தச் சட்டத்துல தண்டனை?

கடைசியா ஒண்ணு. இந்தத் தேர்வு, கட்-ஆஃப், கோர்ட் எதுவுமே இல்லாத ஒரு வழியும் இருக்கு: தினக்கூலி, ஒப்பந்தம், அவுட்சோர்சிங். கர்நாடகா வணிக வரித்துறை தினக்கூலிகள் உள்ளிட்ட உமாதேவி வழக்குல 2006 ஏப்ரல் 10ல அஞ்சு நீதிபதிகள், கொல்லைப்புற வழியா வந்தவங்களுக்கு நிரந்தரம் கேட்க உரிமை இல்லைன்னாங்க. வரிசையில நிக்கிற லட்சக்கணக்கான பேருக்கு அது நியாயம்னு நான் இப்பவும் நினைக்கிறேன். ஆனா அரசாங்கங்கள் அந்தத் தீர்ப்பை எப்படிப் படிச்சாங்க? 'அப்ப நிரந்தரம் பண்ணவே வேண்டாம், காலம் பூரா தினக்கூலியாவே வச்சுக்கலாம்'னு படிச்சாங்க. 2024 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட்டே ஒரு வழக்குல, உமாதேவியை ஆளுங்களைச் சுரண்டக் கேடயமா பிடிக்காதீங்கன்னு கடிஞ்சுக்கிச்சு. கிளார்க் இடத்துக்கு ஒழுங்கா வருஷா வருஷம் தேர்வு வச்சிருந்தா கொல்லைப்புறக் கதவே தேவைப்பட்டிருக்காது. ஜெய்ப்பூர்க்காரன் இதுக்கு மட்டும் உடனே தலையாட்டினான். அவன் சித்தப்பா ஒரு ஆபீஸ்ல பதினாலு வருஷமா 'தற்காலிக' கம்ப்யூட்டர் ஆபரேட்டராம்.

கட்-ஆஃப் விஷயத்துல அவன் இன்னும் ஒத்துக்கல. ஆனா ஞாயித்துக்கிழமை காலையில ஒரு பேப்பர்ல பத்து பேர் மார்க்கை எழுதி, மூணு பொது இடம், ரெண்டு ஓ.பி.சி. இடம்னு பிரிச்சு, ரெண்டு முறையிலயும் போட்டுப் பாத்துக்கிட்டு இருந்தான். என்னைப் பாத்ததும் பேப்பரை மடிச்சு பாக்கெட்ல வச்சுக்கிட்டான்.

அக்கா? 2020ல கவுன்சலிங் போய், பக்கத்துத் தாலுகாவுல ஒரு ஆபீஸ்ல இளநிலை உதவியாளரா சேந்துட்டாங்க. கூட்டாளி அதுக்கப்புறம் ரெண்டு தடவை எழுதிட்டான். போன வாரம் பேசினப்ப, "இந்தத் தடவை தமிழ்ப் பகுதி கொஞ்சம் கஷ்டம் மாப்ள, மத்தபடி ஓகே"ன்னான். அக்கா தன்னோட பழைய நோட்டையெல்லாம் அவன்கிட்டதான் கொடுத்திருக்காங்களாம். இது எனக்கு இத்தனை நாள் தெரியாது.

பி.கு.: ராஜஸ்தான் கட்-ஆஃப் கணக்கைப் பத்தி மாற்றுக் கருத்து இருக்குறவங்க தாராளமா பின்னூட்டத்துல வாங்க. 'மெரிட்'ங்கற வார்த்தையோட வர்றவங்க 220 பெருசா 197 பெருசான்னு முதல் வரியில சொல்லிட்டு ஆரம்பிங்க சாமி.